ரெக்கவரி கீயை எழுதிட்டு சிப்பை தொடுங்க

கேள்வி: அண்ணா வணக்கம், மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். லேப்டாப்ல ஃபெடோரா லினக்ஸ், டிஸ்க் ஃபுல்லா என்கிரிப்ட் பண்ணிருக்கு, தெனமும் நீள பாஸ்வேர்டு அடிச்சு கை வலிக்குது. சாவியை பூட்டி வெச்சுக்கற டிபிஎம்னு ஒரு சிப்பு போர்டுல இருந்தா அதுவே திறந்துடும்னு தம்பி சொல்றான். தேடிப் பாத்தா எக்கச்சக்க கமாண்ட் வருது, எங்க ஆரம்பிக்கறது?
- வாசகி, கடலூர்

பதில்: மலைச்சுடாதீங்கம்மா. இந்த சிப்புகிட்ட பேசறதுக்கு வேலைக்கு ஒண்ணா தனித்தனியா இருந்த புரோகிராமை எல்லாம் இப்ப 'டிபிஎம்2'ன்னு ஒரே புரோகிராம்ல போட்டுட்டாங்க, அது பக்கத்துல என்ன வேலைன்னு எழுதினா போதும், பழைய பேர்ல கூப்ட்டாலும் வர்றது இதே ஆள்தான். முதல்ல 'கெட்கேப்' போட்டுப் பாருங்க, எந்த கம்பெனி சிப்பு, எந்த வெர்ஷன்னு ஜாதகமே வந்துடும். பெர்மிஷன் இல்லன்னு சொன்னா உங்க யூசரை, சிப்பை தொட அனுமதி இருக்கற டிஎஸ்எஸ் குரூப்ல சேர்க்கணும். சிப்பே இல்லன்னு சொன்னா பயாஸ்ல, அதாவது மெஷின் ஆன் ஆகும்போதே வர்ற செட்டிங்ஸ்ல போய் பாருங்க, இன்டெல்லா இருந்தா பிடிடி, ஏஎம்டியா இருந்தா எஃப்டிபிஎம்னு ஆஃப்ல கெடக்கும்.

அடுத்து 'பிசிஆர்ரீட்'. சாதாரணமா 24 பதிவேடு இருக்கும், மெஷின் எழுந்திருக்கும்போது ஒவ்வொரு படியோட கைரேகையும் அதுல கலந்துகிட்டே போகும், நாம நெனச்ச நம்பரை அதுல எழுத முடியாது. 7வது பதிவேடு செக்யூர் பூட் (கையெழுத்து சரியா இருக்கற புரோகிராமை மட்டும் பூட் ஆக விடற காவல்) நெலமைய சொல்லும். சாவியை அதோட கட்டிட்டா, நாளைக்கு யாராவது செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணா சிப்பு சாவியை குடுக்காது, பழையபடி பாஸ்வேர்டு கேக்கும். ரிப்பேர்னு நெனச்சுடாதீங்க, அதோட வேலையே அதுதான்.

டிஸ்கோட சாவியை இணைக்கிறதுக்கு 'சிஸ்டம்டி கிரிப்ட்என்ரோல்'னு இன்னொரு கமாண்ட் இருக்கு, 2021ல வந்தது, டிஸ்க் லக்ஸ்2ங்கற என்கிரிப்ஷன் வகையா இருக்கணும். அதுல முதல் வேலையா ரெக்கவரி கீ, அதாவது சிப்பு இல்லாமலே டிஸ்கை திறக்கற நீளமான மாற்று சாவி ஒண்ணு உண்டாக்கி பேப்பர்ல எழுதிடுங்க, அப்புறம்தான் சிப்பு. பின் நம்பரும் சேத்தே வைங்க, ஏன்னா பின் இல்லாம வெச்சா லேப்டாப்பை திருடினவன் ஆன் பண்ணாலே டிஸ்க் திறந்து லாகின் வரைக்கும் போயிடும், உங்ககிட்ட இருக்கறது ஊரார் பான் கார்டும் ஜிஎஸ்டி கணக்கும். கடைசியா, டிஸ்கை எப்படி திறக்கணும்னு எழுதியிருக்கற கிரிப்ட்டாப் ஃபைல்ல 'tpm2-device=auto'ன்னு சேத்து, பூட் ஃபைலை புதுசா கட்டற டிராகட்டை ஒருதடவை ஓட்டணும். பழைய பாஸ்வேர்டு போகாது, அதை அழிக்கவும் அழிக்காதீங்க.

'கிளியர்'னு ஒரு கமாண்ட் இருக்கு, அது பக்கமே போகாதீங்க, சிப்புல பூட்டின சாவி எல்லாம் ஒரே நொடில போயிடும்.

இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு புதுச்சேரில எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, லேப்டாப் நனைஞ்சு போர்டு செத்துடுச்சு, டிஸ்க் மட்டும் நல்லா இருந்துச்சு. வேற மெஷின்ல மாட்டினா சாவி செத்த போர்டுலயே இருக்கு, திறக்கல. அக்கா வீட்டு பீரோல ரெக்கவரி கீ எழுதின ஒரு துண்டு பேப்பர் வெச்சிருந்தேன், அதாலதான் பொண்ணோட சின்ன வயசு போட்டோ எல்லாம் திரும்ப கெடச்சுது. உங்க ஊரும் 'தானே' புயல், 'நிவர்' புயல்னு பாத்த ஊரு, பேப்பரை லேப்டாப் பைலயே வெச்சுடாதீங்க.

கேள்வி: என் பழைய லேப்டாப்ல டிபிஎம் 1.2 தான் இருக்கு. இதே கமாண்ட் ஓடுமா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: ஓடாதுங்க. 1.2 பேசற பாஷையே வேற, அதுக்கு டூலும் வேற. சில மாடல்ல கம்பெனியே 2.0க்கு மாத்த அப்டேட் குடுத்திருக்கும், உங்க மாடல் நம்பரை போட்டு பாருங்க. இல்லன்னா நல்ல நீளமான பாஸ்வேர்டே போதும்.