பெரிய நிறுவனங்களில் இடைநிலை மேலாளர்கள் எதற்கு?

இடைநிலை மேலாளர் என்பவர் மேலிடத்துக்கும் வேலை செய்பவர்களுக்கும் நடுவில் இருப்பவர். கல்யாணப் பந்தியில் எதையும் பரிமாறாமல் நடந்துகொண்டே “மூணாவது இலைக்கு ரசம்!” என்று குரல் கொடுப்பாரே, அவர் மாதிரி. பார்ப்பதற்குச் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஒருவரால் சிலரைத்தான் கவனிக்க முடியும். அதனால் அடுக்குகள் வருகின்றன. 4,096 ஊழியர்களுக்கு, நாலு பேருக்கு ஒருவர் என்று போட்டால் 6 அடுக்கில் 1,365 மேலாளர்கள். எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் 4 அடுக்கு, 585 பேர் போதும். ஆட்குறைப்பின்போது இவர்கள்மேல் கண் விழுவது இந்தக் கணக்கால்தான்.

சரி, ஒரேயடியாக எடுத்துவிட்டால்? 2002-இல் கூகுள் பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று முயன்றது. செலவு ரசீது முதல் ஊழியர் சண்டைவரை நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றது. சில மாதங்களில் கைவிட்டார்கள்.

மேலாளர் போனால் அவர் பார்த்த வேலையும் கூடவே மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விடுப்புக்கு ஒப்புதல் தருவதும் வேலையைப் பங்கிடுவதும் வேறு யார் தலையிலாவது விழத்தான் செய்யும்.