ஸ்பீக்கர் நல்லது, அறைதான் குமுறுகிறது: டிஜிட்டல் அறைத் திருத்தம் உதவுமா?

நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் சிறிய அறையில் தாழ்ந்த ஒலிகள் குமுறுவதாகவும், டிஜிட்டல் அறைத் திருத்தம் (அறை கெடுக்கும் ஒலியை ஸ்பீக்கருக்குப் போகுமுன் மென்பொருளால் சரிசெய்வது) செய்தால் இசையின் உயிர் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

திருத்தம் உதவும். ஆனால் ஏறக்குறைய 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதற்கு வேலை கொடுங்கள். மட்டக்களப்பு ஆரையம்பதியில் என் வீட்டு முன்னறையோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன்.

என் பெரியப்பா வடமோடிக் கூத்து அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்துபவர். கோயில் வீதியில் வட்டக்களரி போட்டு விடிய விடிய ஆடிய ஒரு கூத்தில் அவருடைய மத்தளத்தை அருகிலிருந்து பதிவு செய்து வைத்திருக்கிறேன். வெட்டவெளியில் செய்த பதிவு அது. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. இடந்தலையில், அதாவது மத்தளத்தின் தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கத்தில், விழும் அடி நெஞ்சில் இடித்துவிட்டு அந்தக் கணமே அடங்கிவிடும். சிறு வயதிலிருந்து கேட்ட ஒலி என்பதால் எனக்கு அதில் ஐயமே கிடையாது. அதே பதிவை வீட்டில் போட்டால் ஒவ்வோர் அடிக்குப் பின்னாலும் ஒரு முனகல் நீண்டது. சல்லரி என்ற கைத்தாளம் தெளிவாகக் கேட்டது, மத்தளம் மட்டும் பானைக்குள் அடித்தது போலிருந்தது. பதிவில் அறையே இல்லாதபோது, அந்த முனகல் என் அறையின் சொத்தாகத்தானே இருக்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த நீளம் ஊதிப் பெருக்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். நூல்களில் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்றிருக்கும். அது 20 பாகை வெப்பத்துக்கு. நம் ஊரின் 30 பாகைக்கு 349 என்று வைத்துக்கொள்ளலாம். என் அறை நீளம் 4.2 மீட்டர். முதல் எண் 41.5 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 83. பெரியப்பாவின் இடந்தலை ஏறக்குறைய அந்த 83இன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

கணக்கு உண்மைதானா என்று பார்க்க அளவெடுக்கும் மைக் ஒன்று வாங்கினேன். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1; ஒவ்வொரு மைக்குக்கும் அதன் தொடர் எண்ணுக்குரிய திருத்தக் கோப்பு தருகிறார்கள், கணினியில் நேரே செருகலாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெரு அடங்கிய பிறகு அளந்தேன். திரையில் வந்த வரைகோட்டில் 41இலும் 83இலும் இரண்டு மேடுகள் எழுந்து நின்றன. 97 பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருந்தது.

அந்தப் பள்ளத்தில்தான் நான் தவறு செய்தேன். மென்பொருளிடம் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை நேர்கோடாக்கச் சொன்னேன். அது பள்ளத்தை நிரப்ப 12 டெசிபல் கூட்டியது. 12 டெசிபல் என்றால் அம்பிளிஃபயர் அந்த இடத்தில் ஏறக்குறைய 16 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர் கூம்பு தடதடவென்று இடித்தது. பள்ளமோ அப்படியே கிடந்தது. காரணம் எளிது. ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியும், அதன் பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் வரும் பள்ளம் அது. எவ்வளவு கூட்டினாலும் திரும்பி வருவதும் அதே அளவு கூடி அழித்துவிடும். உயர் ஒலிகளும் அந்த நேர்கோட்டால் கூசத் தொடங்கின. உயிர் போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்தியவர்கள் இப்படியான திருத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். அவர்கள் காதைக் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம். கூம்பு சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தது. அதை 50க்குத் தள்ளினேன். பள்ளம் 170க்கு மேலே நகர்ந்து ஆழமும் குறைந்தது. பிறகு கதிரை. நம் வீடுகளில் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் வழக்கம். தாழ்ந்த ஒலி அதிகம் குவியும் இடமும் சுவரோரம்தான். ஒரு மீட்டர் முன்னே இழுத்ததும் 83இன் மேடு பாதிக்கு மேல் தணிந்துவிட்டது. வீட்டாரிடம் அனுமதி வாங்குவதுதான் கடினம், ஆனால் இதைவிட மலிவான திருத்தம் வேறில்லை.

மிச்சத்துக்குத்தான் டிஜிட்டல் திருத்தம். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஆறு புள்ளிகளில் அளந்து சராசரி எடுத்தேன். 41.5இல் 7 டெசிபல், 83இல் 4 டெசிபல், இரண்டும் குறைப்பு. கூட்டல் எங்கும் இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் கமிலாடிஎஸ்பி என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. விண்டோஸ் கணினியில் பாட்டுக் கேட்பவருக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் போதும். இப்படியான மேட்டைக் குறைத்தால் அந்த இருக்கையில் அடிக்குப் பின் நீளும் ஒலியின் வாலும் சேர்ந்து சுருங்குகிறது. என்னை வியக்க வைத்தது அதுதான். முனகல் போனது. அடி விழுந்தது, அடங்கியது. பக்கத்திலிருந்த பெரியம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு முறை போடச் சொன்னார்.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். மாபிள் தரையும் வெறுஞ்சுவரும் எழுப்பும் எதிரொலியை எந்த மென்பொருளாலும் துடைக்க முடியாது. அறை நடுவே கைதட்டிப் பாருங்கள்; கிணுங்கினால் அறைக்குப் பொருட்கள் தேவை. நான் மருதமுனைக் கைத்தறித் துணியை இரண்டு மடங்கு சுருக்கம் வைத்துத் தைத்துத் தொங்கவிட்டேன், பின்சுவரில் புத்தக அலுமாரியை நிறுத்தினேன். திரைத்துணி மேல் ஒலிகளை மட்டும்தான் குடிக்கும், 41 ஹேர்ட்ஸ் அதன் வழியே நடந்து போய்விடும்.

இன்னொன்றை நானே அளந்து கண்டுபிடித்தேன். வெயில் காலத்தில் யன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். மாரியில் சாரல் அடிப்பதால் மூடிவிடுவோம். திறந்திருந்தால் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்து 41இன் மேடு குட்டையாகிறது. மூடிய அறைக்குச் செய்த திருத்தத்தைத் திறந்த அறையில் போட்டால் ஒலி மெலிந்துவிடும். ஆகவே இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறேன். கார்த்திகையில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவேன்.

உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம், கதிரைக்கும் சுவருக்கும் உள்ள தூரம், யன்னல்கள் பெரும்பாலும் திறந்தா மூடியா இருக்கும் என்பதைக் கருத்தில் எழுதுங்கள். மைக் வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.