கையைக் கடிக்காமல் ராமேஸ்வரத்தில் ஒரு நாள்

கேள்வி: நாங்கள் மதுரை செல்லூரில் இருக்கிறோம். மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர். பிள்ளைகள் இருவரும் இதுவரை கடலையே பார்த்ததில்லை. காலாண்டு லீவில் ராமேஸ்வரம் போய் வரலாம் என்று நினைக்கிறோம். போக்குவரத்துச் செலவுக்கு மேல் கையில் பெரிதாக இல்லை, ரூம் எடுக்கவும் முடியாது. அங்கே காசு கொடுக்காமல் என்னென்ன பார்க்கலாம்?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ராமேஸ்வரத்தில் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி இலவசம்தான். காசு போவதெல்லாம் நேரம் தவறிப் போவதால். கோவில் நடை சாத்தியபிறகு போய் நிற்பது, உச்சி வெயிலில் தனுஷ்கோடிக்குக் கிளம்பி நிழலுக்காக ஆட்டோ பிடிப்பது, இப்படித்தான் பர்ஸ் காலியாகும். அதனால் இடங்களைவிட நேரத்தைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ரூம் வேண்டாம் என்றால் ராத்திரி பஸ்தான் வழி. மாட்டுத்தாவணியில் இரவெல்லாம் ராமேஸ்வரம் பஸ் கிடைக்கும். தூரம் சுமார் 170 கிலோமீட்டர், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டி ஏறினால் விடியும் முன்பு இறங்கலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இருக்கும் இலவசம் இந்த வெளியூர் பஸ்ஸுக்குச் செல்லாது. புளியோதரை கட்டிக்கொண்டால் காலைச் சாப்பாடு முடிந்தது.

இறங்கியதும் நேராக அக்னி தீர்த்தம். கோவிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் கடல்தான் அது. சூரியன் கண்ணெதிரே தண்ணீரிலிருந்து எழும். முதன்முதலாகக் கடல் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அலை பெரிதாக இருக்காது, குளம் மாதிரிதான். முழங்கால் அளவில் உட்கார்ந்தே குளிக்கலாம். படியிலும் கல்லிலும் பாசி இருக்கும், மாமியாரைக் கைப்பிடித்து இறக்குங்கள். கட்டிய துணியைக் கடலில் விட்டுவிட்டு வரச் சொல்லி யாராவது பக்கத்தில் நின்று சொல்வார்கள். கேட்க வேண்டாம். துணிக்குத் துணியும் போய், கடலும் குப்பையாகிறது.

குளித்து, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தனுஷ்கோடியைத் தாண்டி ரோடு முடியும் அரிச்சல்முனைக்கு அரசு பஸ் ஏறுங்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். டிக்கெட் உண்டு, ஆனால் ஆட்டோ, வேன் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. 2017இல் முனைவரை ரோடு போடுவதற்கு முன்பு மணலில் வேன்தான், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். காலை பத்து மணிக்குள் அங்கே இருந்துவிட வேண்டும். ஒரு முறை தங்கை குடும்பத்தைச் சாயங்காலம் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். நேரமாகிவிட்டது என்று சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டிக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

முனையில் இலங்கைப் பக்கம் பார்த்து நில்லுங்கள். இடது கைப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும், அதைப் பெண்கடல் என்பார்கள். வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல், அறைந்துகொண்டே இருக்கும். நீங்கள் போகும் புரட்டாசியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டால் பெண்கடலும் சீறும். இங்கே மட்டும் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், நீரோட்டம் காலை வாரிவிடும். நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.

திரும்பும்போது பழைய தனுஷ்கோடியில் இறங்கி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் போனது. இடிந்த சர்ச் சுவரைப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் காட்டுங்கள். கல்லில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது பவளப்பாறையை வெட்டி எடுத்துக் கட்டியது. அப்படி ஒரு துண்டு கீழே கிடந்தாலும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, பவளம் வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. இன்னொரு அதிசயம் மணலில் சில அடி தோண்டிய ஊற்று. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட லேசு என்பதால் அதன் மேலே மிதந்து நிற்கிறது. நம் வைகை மணலில் ஊற்றுத் தோண்டிய கதையை மாமியாரைச் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

கோவிலுக்குப் பதினோரு மணிவாக்கில் வந்துவிடுங்கள், ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். பொது தரிசனத்துக்குக் கட்டணமில்லை. 22 தீர்த்தமும் ஆட வேண்டுமென்றால் டிக்கெட் உண்டு, ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் பெரியவர் மட்டும் ஆடினால் போதும். மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி வருவதற்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை. நம் மீனாட்சி கோவில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண். இங்கே இந்தப் பிரகாரத்தில் மட்டும் 1212. ஒரு மூலையில் நின்று நேராகப் பார்த்தால், கடைசியில் வருகிற ஆள் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிவார். செல்போனை உள்ளே விட மாட்டார்கள். ஒருவர் வெளியே வைத்துக்கொண்டு நிற்க, மாறி மாறிப் போய் வாருங்கள்.

மதியச் சாப்பாடு கோவில் அன்னதானத்திலேயே. நாள் முழுக்க அன்னதானம் நடக்கும் கோவில்களில் இதுவும் ஒன்று. கூட்டத்துக்கு முந்த வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்கே வரிசையில் நில்லுங்கள்.

அப்புறம் வெயில் நேரம். அதற்குப் பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடம் சரியான இடம். உள்ளே போக டிக்கெட் கிடையாது, கூரைக்குக் கீழே நின்று நிதானமாகப் பார்க்கலாம். அங்கேயும் போனுக்கு அனுமதி இல்லை. வில்லூண்டி தீர்த்தம், ராமர் பாதம் இரண்டும் இலவசம்தான், ஆனால் அங்கெல்லாம் போக ஆட்டோ வேண்டியிருக்கும். இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்ப மட்டும் பஸ் வேண்டாம், மதுரைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடியுங்கள். டிக்கெட் பஸ்ஸைவிடக் குறைவு, பாம்பன் பாலமும் அதிலேயே வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டும் ரயில் எது என்று முதல் நாளே மதுரை ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னாலேயே போனால் சன்னலோர சீட் கிடைக்கும். கடல் காற்று பலமாக அடிக்கும், சின்னவர்களை மட்டும் வாசல் பக்கம் விடாதீர்கள்.