ஒற்றை எஞ்சினா, இரட்டை எஞ்சினா? படகுக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

சோழகம் வீசத் தொடங்கிவிட்டது. மேற்குக் கரையில் படகு வைத்திருப்பவர்கள் கரையேற்றிவிட்டு, கையில் நேரம் கிடைத்ததும் கடிதம் எழுதுகிறார்கள். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விடயம்: ஒரு எஞ்சின் போதுமா, இரண்டு வேண்டுமா? படகின் நீளம், பாரம், ஓடப்போகும் கடல் ஆகிய மூன்றையும் எழுதாமல் கேட்பவர்களுக்கு என்னால் பாதிப் பதில்தான் தரமுடியும். போன முறையும் இதைச் சொன்னேன்.

36 அடி பைபர் படகு கட்டுவிக்கிறேன். பாரம் 10 தொன் வரும். 7 நொட் (மணிக்கு 7 கடல் மைல்) ஓடினால் போதும். வருடத்துக்கு ஒருதடவை தெற்கே காலி ஊரைச் சுற்றித் திருகோணமலை போய்வர ஆசை. கட்டுபவர் இரண்டு எஞ்சின் போடச் சொல்கிறார். (வெள்ளவத்தை)

ஒன்று போதும். உங்கள் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீரைத் தொடும் மட்டத்தில் உள்ள நீளம், 33 அடி அளவில் இருக்கும். அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்குங்கள், 7.7 நொட் வரும். தண்ணீரைக் கிழித்து ஓடும் படகுக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் எத்தனை குதிரைவலு கொடுத்தாலும் பின்புறம் தாழ்ந்து அலை பெரிதாகுமே தவிர ஓட்டம் கூடாது. 7 நொட்டுக்கு 30 குதிரைவலு செலவாகும். எதிர்க்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கையிருப்பு வைத்து 75, 80 குதிரைவலுவில் ஒரு டீசல் எஞ்சின் போடுங்கள். மணிக்கு 7 லீற்றர் குடிக்கும். கடல் மைலுக்கு ஒரு லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தெற்கே சுற்றித் திருகோணமலைக்கு ஏறக்குறைய 300 கடல் மைல். மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் போய்ச்சேரவேண்டும் என்பது என் விதி, ஆகவே 450 லீற்றர் கொள்ளும் தாங்கி வேண்டும். ஏப்ரலில் புறப்பட்டால் இரண்டு பக்கமும் கடல் அமைதியாக இருக்கும்.

ஒற்றை எஞ்சினில் புரொப்பெல்லர் பெரிதாக, மெதுவாகச் சுற்றும். அதனால் டீசல் மிச்சம். ஏராவின் (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு) பின்னால் ஒளிந்திருப்பதால் தரை தட்டினாலும் முதல் அடி ஏராவுக்குத்தான். எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் ஆள் இறங்கி வேலை செய்ய இடம் இருக்கும். இரட்டை எஞ்சின் படகில் வெளிப்பக்கத்து வடிகட்டியைத் தொடுவதற்கு ஒல்லியான பையனைத் தேடவேண்டும். தொட முடியாததை யாரும் பராமரிப்பதில்லை.

"ஒன்று நின்றுவிட்டால்?" என்று கேட்பீர்கள். நம்முடைய பலநாட் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது ஒற்றை எஞ்சினோடு. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பிரதான எஞ்சின், ஒரு புரொப்பெல்லர். அவர்கள் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு எஞ்சின் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா? (ஊர் எழுதவில்லை)

ஆகாது. என்ன படகு, எத்தனை அடி, எத்தனை தொன், ஒன்றும் எழுதவில்லை. மேலே உள்ள பதிலை வாசியுங்கள்.

நீர்கொழும்புக் களப்பில் ஓடும் 20 அடி பைபர் படகு. 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின் இரண்டா, 80 ஒன்றா? சிலவேளை களப்பு வாய்க்கு வெளியேயும் போவோம். (நீர்கொழும்பு)

80 ஒன்று. நாற்பதுகள் இரண்டும் சேர்ந்து 200 கிலோவைத் தொடும், எண்பது 160 கிலோ அளவில் நிற்கும். இருபது அடிப் படகின் பின்பலகையில் அந்த 40 கிலோ, ஒரு பையன் எப்போதும் பின்னால் உட்கார்ந்திருப்பது போல. வெளியே போகும் நாட்களுக்கு 8 குதிரைவலுவில் சிறிய எஞ்சின் ஒன்றைப் பக்கத்தில் மாட்டுங்கள். அதற்கு தனித் தாங்கி, தனிக் குழாய். பெரிய எஞ்சினின் தாங்கியிலிருந்து குழாய் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

பழைய 42 அடி இரட்டை டீசல் படகு ஒன்றை வாங்கினேன். பாதுகாப்புக்காகவே இரட்டை எஞ்சின் தேடினேன். பேருவளைக்கு வெளியே இரண்டு எஞ்சினும் பத்து நிமிட இடைவெளியில் நின்றன. மெக்கானிக் "கெட்ட காலம்" என்கிறார். (கொட்டாஞ்சேனை)

கெட்ட காலம் இல்லை ஐயா. கெட்ட டீசல். உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் "நடுவில் ஒரு 800 லீற்றர் தாங்கி" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதில் அங்கேயே இருக்கிறது. ஒரே கிணற்றில் இரண்டு வாளி. கிணறு கெட்டால் எந்த வாளியில் நல்ல தண்ணீர் வரும்?

இருபது வருடங்களாக இதையே சொல்லிவருகிறேன். டீசல் எஞ்சின் தானாகப் பழுதாகி நடுக்கடலில் நிற்பது குறைவு. நிற்பவற்றில் பெரும்பகுதி டீசலில் தண்ணீர், அழுக்கு, காற்று புகுந்து நிற்பவை. அடுத்தது குளிரூட்டும் கடல்நீர் வராமல் சூடேறி நிற்பவை. காற்றும் டீசலும் சுத்தமாகக் கிடைக்கும்வரை டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியிருக்க, இரண்டாவது எஞ்சினும் அதே அழுக்கைக் குடித்தால் அது பாதுகாப்பு இல்லை, இரண்டு மடங்கு செலவு.

நம் நாட்டு வெக்கையிலும் ஈரத்திலும் பாதி நிரம்பிய தாங்கி கெடுவதற்கு அதிக நாள் எடுக்காது. இரவில் தாங்கியின் மேல்சுவரில் ஈரம் பூத்து, வழிந்து, டீசலுக்கு அடியில் தேங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும். கபிலநிறத்தில் வழுவழுப்பாக, அழுகிய மணத்தோடு ஒரு சகதி உண்டாகும். நங்கூரத்தில் நிற்கும்வரை அது அடியில் சும்மா கிடக்கும். கடல் குலுக்கியதும் கலங்கி மேலே வந்து வடிகட்டியை அடைக்கும். நல்ல எஞ்சின்கள் மோசமான கடலில் மட்டும் நிற்பதன் இரகசியம் இதுதான். 2022 இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் பீப்பாய்களில் சேர்த்துவைத்த டீசலைப் பிறகு படகுத் தாங்கிகளில் ஊற்றியவர்கள் எனக்கு அந்த வருடம் முழுக்க வேலை கொடுத்தார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கல்கிசைக்கு வெளியே ஒரு புதிய 40 அடிப் படகின் பரீட்சை ஓட்டத்துக்கு உரிமையாளர் என்னையும் அழைத்திருந்தார். அவரது மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் எல்லோரும் படகில். கட்டிய தளத்துக்காரர் "இரண்டு எஞ்சின், இரண்டு மடங்கு பாதுகாப்பு" என்று சொல்லி விற்றிருந்தார். இடப்பக்க எஞ்சின் இருமியது. நான்கு நிமிடத்தில் வலப்பக்கமும் நின்றது. காற்று கரையை நோக்கி அடித்தது, முருகைக்கல்லில் நுரை கண்ணுக்குத் தெரிந்தது. நங்கூரம் பிடித்ததால் தப்பினோம். வடிகட்டிக் கிண்ணத்திலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்தேன். அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். புதிய படகு, புதிய தாங்கி! கழுவிய தண்ணீரைக்கூட யாரும் வடித்துவிடவில்லை. கரைக்கு வந்து கேட்டபோது தளத்துக்காரர், "எல்லோரும் இப்படித்தான் ஒரு தாங்கியோடு கட்டுகிறோம்" என்றார். அந்தத் தாயார் கையில் செபமாலையோடு இருந்த நிலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இதை நான் மன்னிக்கமாட்டேன்.

உங்கள் படகுக்குச் செய்யவேண்டியவை. தாங்கியை முழுதாக வெறுமையாக்கி, கையால் துடையுங்கள்; கை போகும் வாசல் இல்லையென்றால் வெட்டி வையுங்கள். பிறகு தாங்கியை இரண்டாக்குங்கள். நடுவில் தட்டி வைத்து ஒட்டினாலும் சரி, புதிதாக ஒன்று செய்தாலும் சரி. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித் தாங்கி, தனி வடிகட்டி. இன்ஜெக்டரிலிருந்து திரும்பிவரும் டீசல் எடுத்த தாங்கிக்கே போகவேண்டும், இல்லாவிட்டால் ஒன்று நிரம்பி வழியும், மற்றது காயும். முதல் வடிகட்டி தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு 10 மைக்ரோன், எஞ்சினில் உள்ளது 2 மைக்ரோன். முதல் வடிகட்டியை இரட்டையாக, ஓடும்போதே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றக்கூடியதாகப் போட்டால் இன்னும் நல்லது. டீசலை இரண்டு தாங்கிக்கும் ஒரே நாளில், ஒரே பவுசரில் நிரப்பாதீர்கள். ஸ்டார்ட் பற்றரிகளையும் தனித்தனியாக்குங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு கண்ணாடிப் போத்தலில் வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

என் கணவர் ஒற்றை எஞ்சின் படகை ஜெட்டியில் கட்டமுடியாது என்று பயப்படுகிறார். அதற்காகவே இரட்டை கேட்கிறார். 34 அடி. (கல்கிசை)

இரட்டையின் உண்மையான நன்மை இது ஒன்றுதான், சகோதரி. ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். ஆனால் வருடத்தில் இருபது தடவை ஜெட்டியில் கட்டுவதற்காக ஒரு முழு எஞ்சினை வாங்குவது நியாயமில்லை. அணியத்தில் (படகின் முன்பகுதியில்) மின்சாரப் பக்கத்தள்ளி, அதாவது பௌ த்ரஸ்டர், பூட்டினால் செலவு சிறுபகுதியே.

அதற்கும் முன்பு அவரை ஒரு காலை நேரம் பழகச் சொல்லுங்கள். வலஞ்சுழி புரொப்பெல்லர் என்றால் ரிவர்ஸ் போட்டதும் பின்புறம் இடப்பக்கம் இழுக்கும். அதை எதிர்த்துச் சண்டை பிடிக்காமல், இடப்பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுத்து மெதுவாக வந்து, கடைசியில் ஒரு சிறு ரிவர்ஸ். படகு தானாக ஒட்டிக்கொள்ளும். பொல்கொடை ஏரியில் மிதவை ஒன்றைக் கட்டிவிட்டுப் பழகலாம்.

இரட்டை எஞ்சினில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதில் ஓடினால் டீசல் பாதியாகுமா? (தெஹிவளை)

பாதியாகாது. சும்மா கிடக்கும் புரொப்பெல்லர் இழுக்கும், நேராகப் போகச் சுக்கானை ஒருபக்கம் பிடிக்கவேண்டும், அதுவும் இழுக்கும். இரண்டையும் ஓடவிட்டு வேகத்தைக் குறைத்தாலே பெரும்பங்கு மிச்சம் வந்துவிடும். பிடிவாதமாகச் செய்வதானால் இரண்டு எச்சரிக்கை. நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் தண்ணீரில் சுற்றும்போது கியர்பொக்ஸுக்குள் எண்ணெய் ஓடாமல் போகலாம்; கையேட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் புரொப்பெல்லர் ஷாப்ட்டைச் சுற்றாதபடி பிடித்துக் கட்டுங்கள். நின்ற எஞ்சினின் புகைக்குழாய் வழியாகக் கடல்நீர் ஏறி சிலிண்டருக்குள் போன படகுகளையும் பார்த்திருக்கிறேன்.

திருகோணமலையில் 40 அடி கற்றமரான் பாய்ப்படகு. அதற்கும் ஒன்று போதும் என்பீர்களா? (திருகோணமலை)

இல்லை, உங்களுக்கு இரண்டு. இரண்டு உடலுக்கும் இடையில் ஐந்து மீற்றர் இருக்கும்போது இரண்டு சிறு எஞ்சின்கள் படகை விரல்நுனியில் திருப்பும். எஞ்சின் அறைகளும் தாங்கிகளும் வெவ்வேறு உடல்களில் அமைவதும் இயல்பு. நான் கேட்கும் பிரிவினை அங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது. அமைதிக் கடலில் ஒன்றை மட்டும் ஓட்டலாம், கியர்பொக்ஸ் கையேட்டைப் பார்த்த பிறகு. நம் கட்டுமரம் கொடுத்த பெயரோடு உலகம் சுற்றும் படகு அது, நன்றாக வைத்திருங்கள்.

கற்பிட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் வலை மாட்டுகிறது. இரட்டை எஞ்சின் இருந்தால் ஒன்றில் மாட்டினாலும் மற்றதில் திரும்பலாமே? (புத்தளம்)

எதிர்மாறாக நடக்கும். இரட்டையின் புரொப்பெல்லர்கள் பக்கவாட்டில் பாதுகாப்பில்லாமல் தொங்கும். நீளமாகக் கிடக்கும் தங்கூசி (நைலோன் இழை) வலை இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். ஏராவிலிருந்து சுக்கானின் அடிவரை இரும்புப் பட்டை நீட்டிய ஒற்றைப் புரொப்பெல்லர்தான் உங்கள் கடலுக்கு ஏற்றது. ஷாப்ட்டில் கயிறு வெட்டும் கருவி ஒன்றைப் பூட்டுங்கள். முகக்கண்ணாடியும் பல்லுள்ள கத்தியும் படகில் இருக்கட்டும். இறங்குமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை இறங்குபவரின் இடுப்பில் கட்டுங்கள். அது மீனவரின் சீவனம் என்பதையும் மறக்கவேண்டாம். கொடி தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

மாலைதீவுக்கு ஒற்றை எஞ்சினில் போகலாமா? 44 அடி, 18 தொன். (கொழும்பு 7)

போகலாம். 400 கடல் மைலுக்குச் சற்று மேல், 7 நொட்டில் இரண்டரை நாள். ரொபேர்ட் பீபி என்ற அமெரிக்கர் 1963 இல் சிங்கப்பூரில் கட்டிய தன் படகை ஒற்றை டீசலோடு இந்து சமுத்திரத்தைக் கடந்து கிரேக்கம் வரை கொண்டுபோனார். மனம் கேட்கவில்லையென்றால் 25 குதிரைவலுவில் துணை எஞ்சின் ஒன்று, தனி ஷாப்ட், மடியும் புரொப்பெல்லர், தனித் தாங்கி (மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்). அமைதிக் கடலில் 4 நொட் தரும். எதிர்க்காற்றில் முன்னேற்றம் தராவிட்டாலும் அணியத்தை அலைக்கு நேரே பிடித்துவைக்கும். அதை மாதத்துக்கு ஒருதடவை ஒரு மணிநேரம் சுமையோடு ஓட்டுங்கள். ஓடாத துணை எஞ்சின் வெறும் பாரம். ஆபத்தில் செய்மதி வழியாக அழைப்பு அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் ஈபேர்ப் கருவி இல்லாமல் போகவே வேண்டாம்.

எந்தக் கம்பனி எஞ்சின் நல்லது? (வத்தளை)

இம்பெலரும் (கடல்நீர்ப் பம்பின் இறப்பர்ச் சக்கரம்) வடிகட்டியும் கொழும்பில் ஒரே நாளில் கிடைக்கும் கம்பனி.

இரட்டை எஞ்சின் பழைய படகு பார்க்கப் போகிறேன். எதைக் கவனிப்பது? (மொரட்டுவை)

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்; நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கூடுகளும் காட்டும் ஓட்ட நேரத்தைப் பாருங்கள். ஒன்று 1,800 மற்றது 1,100 என்றால் ஒன்று நீண்டநாள் படுத்திருக்கிறது என்று அர்த்தம், அல்லது மணிக்கூடு மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டையும் முழு வேகத்துக்குக் கொண்டுபோய், கையேட்டில் உள்ள சுற்று எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். கூடவே ஒரு கண்ணாடிப் போத்தல் கொண்டுபோங்கள். தாங்கியின் அடியிலிருந்து வடிக்க உரிமையாளர் விடாவிட்டால் அந்தப் படகை வாங்காதீர்கள்.