லாரிக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமா, இன்ஜினோடு சுற்றும் ஃபேனே இருக்கட்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு சக்கர லாரி, 160 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை, லோடோடு மலை ஏறினால் மட்டும் ஹீட் ஆகிறது. பட்டறையில், "இன்ஜின் ஃபேனைக் கழற்றிவிட்டு ரெண்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிடலாம், டீசலும் மிச்சம்" என்கிறார்கள். அட்வான்ஸும் கொடுத்துவிட்டீர்கள். செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். உங்கள் வண்டிக்கு அது கண்டிப்பாக வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானும் இதே இடத்தில் நின்றவன்தான்.

சில வருஷங்களுக்கு முன் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் வழியாகச் சாம்ராஜ்நகர் போய்க்கொண்டிருந்தேன். பண்ணாரி தாண்டினால் திம்பம் ஏற்றம், 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவு வருவதற்குள் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கேபினைத் தூக்கினால் அனல். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது, பெல்ட் இறுக்கமாக இருந்தது, ஹோஸ் எதுவும் வெடிக்கவில்லை. என்ன கோளாறு என்றே புரியவில்லை. பின்னால் வந்த லாரியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். "இன்ஜின் ஆஃப்ல தானே இருக்கு? ஃபேனைக் கையால சுத்தி விடு தம்பி" என்றார். சுற்றிவிட்டேன். நாலைந்து சுற்று தானாகச் சுற்றி மெதுவாக நின்றது. "அதான் விஷயம். ஃபேன் கிளட்ச் போச்சு" என்றார். ஃபேனின் நடுக்குடத்தில் சுருள் மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்தது. தினமும் பார்த்த இடம்தான், ஒரு நாளும் கவனித்ததில்லை.

அது விஸ்கஸ் ஃபேன். நீங்களும் முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பழைய லாரிகளில் ஃபேனை வாட்டர் பம்ப் புல்லியிலேயே நேராக மாட்டியிருப்பார்கள். இன்ஜின் எவ்வளவு வேகமோ அதற்கேற்ப ஃபேனும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். விஸ்கஸ் ஃபேனில் புல்லிக்கும் இறக்கைக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய ஒரு கிளட்ச் உண்டு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் முன்னால் இருக்கும் அந்தச் சுருள் பட்டை வளைந்து ஒரு சிறு வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே பாயும், ஃபேன் புல்லியோடு ஒட்டிக்கொண்டு முழு வேகத்தில் இழுக்கும். காற்று ஆறினால் எண்ணெய் திரும்பிவிடும், ஃபேன் சும்மா மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் ஃபேன் இரைந்துவிட்டு அடங்குகிறதே, அது கோளாறு இல்லை. ராத்திரி முழுக்க நின்றதில் உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியேறுகிற நேரம் அது.

சரி, எலக்ட்ரிக் ஃபேனுக்கு வருவோம். இதில் பேச்சைவிடக் கணக்குதான் முக்கியம்.

160 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 120 கிலோவாட். ஏற்றத்தில் இன்ஜின் அவ்வளவையும் கொடுக்கும்போது கூலண்டுக்குள், அதாவது இன்ஜினை ஆற்றும் தண்ணீருக்குள், இறங்கும் வெப்பம் தோராயமாக 70, 80 கிலோவாட் வரும். வீட்டில் துணி தேய்க்கிற 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதே, அதில் எழுபதை ஒரே நேரத்தில் போட்டு ரேடியேட்டருக்குள் வைத்த மாதிரி. இதை வெளியேற்ற ஒவ்வொரு வினாடியும் இரண்டு கன மீட்டருக்கு மேல் காற்று ரேடியேட்டரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும், ஃபேன் தேவையே படாது. அதனால்தான் உங்களுக்குச் சமவெளியில் தொந்தரவு தெரியவில்லை. மலையில் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. எதிர்க்காற்று இல்லை, இன்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. அந்த நேரத்தில் ஃபேன் ஒன்றுதான் துணை.

அந்த வேலைக்கு ஃபேனுக்கு 5 குதிரைத்திறன் போதும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 3,700 வாட். லாரி பேட்டரியின் 24 வோல்ட்டால் வகுத்தால் 150 ஆம்பியரைத் தாண்டுகிறது. வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் தகட்டைத் துடைத்துப் படித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் 45 ஆம்பியர் என்றுகூட இருக்கும். அதிலேயே ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பேட்டரி சார்ஜ் எல்லாம் நடக்க வேண்டும். பட்டறையில் மாட்டப்போகிற இரண்டு ஃபேன்களும் கார் வகை என்றால் ஒவ்வொன்றும் சில நூறு வாட்தான் இருக்கும். கழற்றிப்போடும் ஃபேன் செய்த வேலையில் நாலில் ஒரு பங்கைக்கூட அவை செய்யாது. காரில் நன்றாக ஓடுகிறதே என்பார்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜினைக் குறுக்கே வைத்திருப்பதால் புல்லி பக்கவாட்டைப் பார்த்து நிற்கிறது, முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு அதிலிருந்து ஃபேன் ஓட்ட வழியில்லை. அதோடு கார் பத்து டன் சுமந்துகொண்டு திம்பம் ஏறுவதும் இல்லை.

"டீசல் மிச்சம்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் சக்தி எட்டு மடங்காகும். ஆகவே எப்போதும் சுற்றும் பழைய வகை ஃபேன் வீணாக டீசல் குடிப்பது நிஜம். எலக்ட்ரிக் ஃபேன் மிச்சம் பிடிப்பது தேவையில்லாத நேரத்தில் நின்றுவிடுவதால்தான். அதே வேலையைத்தான் விஸ்கஸ் கிளட்சும் செய்கிறது. ஃபேன் ஓடியே ஆக வேண்டிய ஏற்றத்தில் பார்த்தால் எலக்ட்ரிக்கில்தான் நஷ்டம் அதிகம். இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றி, ஆல்டர்னேட்டர் மின்சாரமாக்கி, ஒயர் வழியாக வந்து, மோட்டார் அதை மறுபடி சுழற்சியாக மாற்றுகிறது. இத்தனை கை மாறுவதற்குள் கொடுத்ததில் பாதிகூடக் கடைசியில் மிஞ்சாது. பெல்ட்டும் புல்லியும் அப்படித் தின்பதில்லை.

எலக்ட்ரிக் ஃபேனே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு டன் சுமக்கிற குட்டி வண்டிக்கு, அதுவும் நாளெல்லாம் டவுன் நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிக்கு, அது நல்லது. இன்ஜின் ஐடிலில் கிடந்தாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், இன்ஜினோடு சுற்றும் ஃபேனால் அது முடியாது. ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைத்திருக்கும் பின்புற இன்ஜின் பேருந்துகளில் ஏழெட்டு சிறு மோட்டார் ஃபேன்களை வரிசையாக வைப்பதும் உண்டு. அவற்றுக்கென்றே பெரிய ஆல்டர்னேட்டர் போட்டு, ஒவ்வொன்றின் வேகத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற மாதிரி கம்பெனியிலேயே வடிவமைத்தவை அவை. பேட்டரி லாரிக்கோ வேறு வழியே இல்லை. பட்டறையில் ஒயர் இழுத்து, ஒரு ரிலே வைத்து மாட்டுவது வேறு கதை. அவ்வளவு கரண்ட் போகும் ஒயரில் ஒரு இணைப்பு தளர்ந்தால் முதலில் உருகும், அப்புறம் பற்றும். மலைப்பாதையில் அது நடப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்குத் திம்பத்தில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. எங்கள் கிளட்சின் பின்பக்கம் அவசரத்துக்கென்று ஒரு பூட்டுத் தகடு இருந்தது. இன்ஜின் ஆறின பிறகு அந்தப் பெரியவர் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, தகட்டை உள்ளே தள்ளி முறுக்கிவிட்டார். ஃபேன் புல்லியோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டார்ட் செய்தால் கேபினுக்குள் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். ஆனால் மூன்று வளைவு தாண்டுவதற்குள் முள் நடுவுக்கு வந்துவிட்டது. அதே ரேடியேட்டர், அதே இறக்கை, அதே லோடு. ஊர் திரும்பிப் புதுக் கிளட்ச் போட்டதோடு சரி. அதற்கு முன் எத்தனை பேர் என்னிடம் ரேடியேட்டரை மாற்று, கூலண்ட் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள் தெரியுமா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் இறக்கத்திலும் சமவெளியிலும் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்ஜின் ஆஃபில், குளிர்ந்திருக்கும்போது ஃபேனைக் கையால் தள்ளுங்கள். சற்றே இழுவையோடு நகர்ந்து, அரைச் சுற்று ஒரு சுற்றில் நிற்க வேண்டும். ஒரு ஏற்றம் ஏறிவிட்டு வந்து, சாவியை எடுத்துவிட்டு, கையைச் சுட்டுக்கொள்ளாமல் மறுபடி தள்ளினால் கெட்டியாக எதிர்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. இறக்கையை முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும். ஓடும் ஃபேனைக் கந்தலோ செய்தித்தாளோ கொடுத்து நிறுத்திப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், விரல் போய்விடும்.

கிளட்ச் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும், டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள இடுக்கு. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இரண்டையும் பிரித்தால் நடுவில் பஞ்சும் வைக்கோல் தூசும் பூச்சியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்பக்கமிருந்து வாட்டர் சர்வீஸ் அடித்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். பிரித்துவிட்டு இன்ஜின் பக்கமிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கவசம் உடைந்தோ கழன்றோ இருந்தாலும் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கத்தில் கிடக்கிற சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள்.

ஓட்டுகிற முறையிலும் ஒன்று இருக்கிறது. ஏற்றத்தில் மேல் கியரிலேயே இழுத்துப் பார்க்காமல் முன்னாடியே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். நிமிஷத்துக்கு 1,200 சுற்றில் முனகிக்கொண்டு ஏறும் இன்ஜினைவிட 1,800 சுற்றில் ஏறும் இன்ஜினுக்கு ஃபேனும் வாட்டர் பம்ப்பும் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும்.

கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். அந்தப் பணத்துக்கு அதே பட்டறையில் ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இறக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நின்று அந்த இடுக்கைப் பாருங்கள்.