குடிக்காதவரின் ஒயின் சுற்றுலா (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏஜியன் கடல் தீவுகளுக்குப் போய்வந்தது பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்புகளைப் படித்தேன். சான்டோரினிக்கு இரண்டே பத்திதான் ஒதுக்கியிருந்தீர்கள். அதிலும் ஒன்று கழுதைகளைப் பற்றியது. எனக்கோ இப்போது அந்தத் தீவைப் பற்றித்தான் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். மகன் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். ஆகஸ்டில் எங்களைக் கிரேக்கத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, சான்டோரினியில் ஒரு நாளைக்குத் தனி வண்டி அமர்த்திவிட்டான். ஐந்து மணி நேரம். நீலக் குவிமாடம், அக்ரோத்திரி அகழாய்வு, இரண்டு இடங்களில் ஒயின் சுவைத்தல், கடைசியில் ஓயா கிராமத்தில் சூரிய அஸ்தமனம். தொகையைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் என் மனைவியும் இதுவரை மதுவைத் தொட்டதில்லை. நாங்கள் ஒயின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவது, பல் போனவர்கள் முறுக்குக் கடையில் வரிசையில் நிற்பதைப் போல் இல்லையா? அங்கே நல்ல பஸ் வசதி இருக்கிறது என்கிறார்கள். "யாராவது கேட்டால் என்ன சொல்வது" என்பது என் மனைவியின் கவலை. ரத்து செய்யச் சொல்லிவிடலாமா?

இன்னொன்று. சம்பந்தி ஒரு புட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கொண்டுவர முடியுமா?

க.,
கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

ரத்து செய்யாதீர்கள். ஆனால் அந்த நிரலை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். மகனிடம் சொல்லி வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் முதல் நாளை நானே கெடுத்துக்கொண்டேன். உங்களைப் போலக் கணக்குப் பார்த்து, நாற்பது பேர் போகும் பேருந்துச் சுற்றுலா ஒன்றில் ஏறினேன். கொடி பிடித்த பெண்மணியின் பின்னால் நடந்தோம். ஒரு ஒயின் ஆலையின் மாடியில் நாற்பது நிமிடம் விட்டார்கள். கடலைப் பார்த்த மேசை, மரப்பலகையில் மூன்று கோப்பைகள், இரண்டு ரொட்டித் துண்டுகள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் என் அக்கா கேட்டாள்: "ஒயின் ஒயின் என்கிறார்களே, திராட்சைத் தோட்டம் எங்கே? ஒரு பந்தல்கூடக் கண்ணில் படவில்லையே." அவள் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து வளர்ந்தவள். திராட்சை என்றால் அவளுக்குத் தலைக்கு மேலே கம்பிப் பந்தலும் கீழே நிழலும்தான்.

மறுநாள் தனி வண்டி வைத்துக்கொண்டோம். ஓட்டுநர் ஐம்பதைக் கடந்த தீவுக்காரர். பிர்கோஸ் கிராமத்தைத் தாண்டியதும் அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். சிரித்தபடி வண்டியை ஓரங்கட்டி, சாலைக்குப் பக்கத்தில் வெறும் புறம்போக்கு போல் கிடந்த சாம்பல் நிற நிலத்தைக் காட்டினார். முந்தைய நாள் அதைக் கடந்துதான் போயிருந்தோம். தரையெங்கும் எட்டெட்டு அடிக்கு ஒன்றாக, யாரோ வீசிவிட்டுப் போன பெரிய பெரிய பிரிமணைகள் மாதிரி ஏதோ கிடந்தன. இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு திராட்சைக் கொடி.

ஆமாம், பானை வைக்கும் பிரிமணையேதான். குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போது கொடியின் தண்டைத் தரையோடு தரையாக வட்டமாக வளைத்துப் பின்னி விடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு சுற்று ஏறி அது கூடையாகிவிடுகிறது. கிரேக்கத்தில் இதற்குக் குலூரா என்று பெயர். வளையம் என்று பொருள். கோடையில் வடக்கேயிருந்து மெல்தெமி என்ற காற்று வீசுகிறது. பந்தல் போட்டால் ஒரே வாரத்தில் கடலுக்குப் போய்விடும். அதனால் குலை கூடைக்கு உள்ளே காய்க்கிறது. வெளியே இலை மூடிக்கொள்கிறது. காற்றில் பறக்கும் மணலும் உச்சி வெயிலும் பழத்தைத் தொடுவதில்லை. அக்கா மண்டியிட்டு இலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "கோழி அடைகாக்கிற மாதிரி வைத்திருக்கிறதே" என்றாள்.

தண்ணீர்? கோடை முழுக்க மழையே கிடையாது. ஆறு, ஓடை எதுவும் இல்லை. இந்தத் தோட்டங்களுக்குக் காலங்காலமாக யாரும் நீர் பாய்ச்சியதும் இல்லை. ஓட்டுநர் குனிந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பொரியைப் போலக் கனமே இல்லை. நாக்கில் வைக்கச் சொன்னார். தயங்கி வைத்தேன். சட்டென்று ஒட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எரிமலை கக்கிய நுரைக்கல் அது. உடம்பெல்லாம் பொடித்துளை. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை, என் நாக்கின் ஈரத்தை உறிஞ்சியதைப் போலவே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பகலில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இதை எந்த மாடியில் உட்கார்ந்தும் புரிந்துகொண்டிருக்க முடியாது. தனி வண்டிக்குக் கொடுக்கும் பணம் குளிரூட்டிக்கோ மெத்தை இருக்கைக்கோ அல்ல. "இங்கே நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமைக்கு. என் கணக்கில் அந்தக் கால் மணி நேரத்திலேயே முழுத் தொகையும் கழிந்துவிட்டது.

இன்னொரு விஷயமும் அந்த மண்ணில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பைலாக்செரா என்ற நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் திராட்சையின் வேர்களைத் தின்று தீர்த்தது. இன்று பிரான்ஸின் புகழ்பெற்ற கொடிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேர்மேல் ஒட்டுக் கட்டியவைதான். சான்டோரினியின் எரிமலை மண்ணில் களிமண் அநேகமாகக் கிடையாது. அதில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. ஆகவே இங்கே கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. எழுபது, எண்பது ஆண்டுகளில் கூடை மிகப் பெரிதாகி விளைச்சல் குறைந்தால், மேற்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். அதே வேர் மறுபடி துளிர்க்கிறது. புதுக் கொடி வேண்டுமென்றால் பக்கத்துக் கொடியின் கிளையை மண்ணில் புதைத்துப் பதியன் போடுகிறார்கள். மேலே பார்க்கிற கொடிக்கு ஒரு வயது, கீழே வேருக்கு வேறு வயது.

இனி, சுவைப்பது. நீங்கள் பயப்படுகிற மாதிரி அங்கே யாரும் யாரையும் குடிக்க வற்புறுத்துவதில்லை. கோப்பையின் அடியில் இரண்டு மூன்று வாய் அளவுக்குத்தான் ஊற்றுகிறார்கள். மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். துப்புவது அநாகரிகம் அல்ல, தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முதலில் வருவது அசிர்த்திகோ, தீவின் முதன்மையான வெள்ளைத் திராட்சை. எலுமிச்சைச் சாற்றில் கல்லுப்புப் போட்டுக் கலக்கியதைப் போல ஒரு புளிப்பு. அடுத்தது நிக்தேரி. பகல் வெக்கைக்குப் பயந்து இரவோடு இரவாகப் பழத்தைப் பிழிந்த வழக்கத்தால் வந்த பெயர் அது. நிக்தா என்றால் இரவு.

கடைசியாக வின்சாந்தோ. அறுத்த பழத்தை ஏறத்தாழ இரண்டு வாரம் வெயிலில் பரப்பி, பாதி உலர்ந்த திராட்சையாக்கி, பிறகு பிழிந்து, குறைந்தது இரண்டு ஆண்டு ஓக் பீப்பாயில் வைக்கிறார்கள். அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். என் அக்கா அதையும் குடிக்கவில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அம்மா கிண்டுகிற தீபாவளி லேகியம்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருப்பட்டிப் பாகு, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் சுக்கு, அடிபிடிக்கத் தொடங்கும் அந்தக் கணத்து வாசனை. ஊற்றிக்கொண்டிருந்த பெண், என்ன சொன்னார்கள் என்று ஆவலோடு கேட்டார். லேகியத்தை ஆங்கிலத்தில் விளக்க முயன்று, தீபாவளி அன்று காலையில் வயிற்றுக்காகச் சாப்பிடுவது என்று சொல்லி, அவரை முழுக்கக் குழப்பிவிட்டேன். அந்த மேசையில் வின்சாந்தோவை மிகச் சரியாகக் கண்டுகொண்டவர் ஒரு துளிகூட அருந்தாதவர்தான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

கூடவே ஃபாவா கொண்டுவருவார்கள். மஞ்சள் நிறத்தில், ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்ட பருப்புக் கடையல், வேறொன்றும் இல்லை. ரொட்டியோடு சாப்பிட வேண்டும். நம்மூரில் கேசரிப் பருப்பு என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவான செடி. அக்ரோத்திரியில் மண்ணுக்கடியில் கிடைத்த தாழிகளிலும் இதே பருப்பு இருந்தது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அந்தத் தீவில் அவருக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்காது.

அக்ரோத்திரியைத் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் போய், ஊர் முழுக்கச் சாம்பலில் புதைந்தது. 1860களில் சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்துக்காக இந்தச் சாம்பலை வெட்டி ஏற்றுமதி செய்தபோது, எதிரே இருக்கும் தெரசியா தீவில் பழைய சுவர்கள் தட்டுப்பட்டன. பிறகு 1967இல் ஸ்பிரிதோன் மரினாதோஸ் என்ற தொல்லியலாளர் அக்ரோத்திரியில் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய், வரிசை வரிசையாகத் தாழிகள். தெருக்களில் மனித எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. நிலநடுக்கம் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும், ஜனங்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். சுவரோவியங்களின் அசல்களில் பல ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கிரேக்கச் சட்டப்படி அகழாய்வு இடங்களுக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் மட்டுமே விளக்கம் சொல்லலாம். உங்கள் ஓட்டுநர் எவ்வளவு விஷயம் தெரிந்தவராக இருந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார். மகன் கட்டிய தொகையில் வழிகாட்டியும் நுழைவுச் சீட்டும் அடக்கமா, சுவைக்கும் கட்டணம் அடக்கமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். என் விஷயத்தில் மூன்றுமே அடக்கமில்லை என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

பஸ் நல்லதுதான், விலையும் குறைவு. ஆனால் எல்லாத் தடங்களும் தீவின் தலைநகரான ஃபிராவில் வந்து முடிகின்றன. ஓயாவிலிருந்து அக்ரோத்திரி போக வேண்டுமானால் நடுவில் இறங்கி மாற வேண்டும். அதுவும் ஆகஸ்டில். சுமார் 15,000 பேர் வசிக்கும் தீவு அது. 2025இல் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு உச்சவரம்பு விதித்தார்கள். அந்த வரம்பே நாளொன்றுக்கு 8,000 பேர்! உங்கள் வயதில் அந்தக் கூட்டத்தில் நின்றபடி பயணம் செய்து மிச்சம் பிடிக்கும் யூரோவை மூட்டுவலி மருத்துவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓயாவைக் காலை எட்டு மணிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். (எழுதுவது ஓயா, அவர்கள் உச்சரிப்பது ஈயா. டாக்சிக்காரரிடம் ஓயா என்றால் புரிந்துகொள்வார், பெருந்தன்மையாக.) இன்று லட்சக்கணக்கில் வாடகை கேட்கும் குகை அறைகளில் முன்பு ஏழை மாலுமிகள் குடியிருந்தார்கள். கப்பல் தலைவர்களின் வீடுகள்தான் மேலே, தரைமட்டத்தில் இருந்தன. மாலையில் அங்கே போனால் அஸ்தமனத்தை முன்னால் நிற்பவரின் செல்பேசித் திரையில்தான் பார்க்க முடியும். மாலைக்குப் பிர்கோஸ் கோட்டை மேடு போதும். வெயில் ஏறுவதற்குள் தோட்டம், பிறகு அக்ரோத்திரி, அதன் பிறகு ஒரே ஒரு ஒயின் ஆலை. இரண்டு வேண்டாம், இரண்டாவதில் நாக்கு எதையும் கேட்காது. ஆகஸ்ட் அறுவடைக் காலம், கூடைகளில் குலை இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வோதோனாஸ் கிராமத்துக்குப் பக்கத்தில் நிலத்தடிக் குகையில் ஒரு ஒயின் அருங்காட்சியகம் உண்டு. குடிக்காதவர்களுக்கு அதுவே நல்ல இடம், வெயிலுக்கும் இதம்.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றார் உங்கள் மனைவி. யவனர் தந்த தண்கமழ் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் உண்டு மகிழட்டும் என்று நக்கீரரே பாடியிருக்கிறார், புறநானூற்றின் 56ஆம் பாட்டில். நீங்கள் உண்ணக்கூடப் போவதில்லை, மோந்து பார்க்கத்தான் போகிறீர்கள். அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் வகையைச் சேர்ந்தவை உண்டு. அந்தத் தீவுக்காரர்கள் ஒயினில் கடல்நீர் கலந்தவர்கள். ஆனால் கோஸ் வேறு, சான்டோரினி வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டு அந்த ஓட்டுநரிடம் பெருமை பேசிவிடாதீர்கள், நான் பேசி மாட்டிக்கொண்டேன்.

அவரிடம் கேட்க வேறு இருக்கிறது. எங்கள் ஓட்டுநரின் குடும்பத்துக்கு அந்தச் சாலையோரத்தில் இரண்டு பங்கு நிலம். அவர் பங்கில் இன்னும் கூடைகள் இருக்கின்றன. தம்பியின் பங்கில் இப்போது நான்கு அறைகள், அறைக்கு ஒரு நீச்சல்குளம். குடிநீரையே கடலிலிருந்து உப்பை நீக்கித்தான் எடுக்கிற தீவு அது. கிரேக்கத்திலேயே விலை கூடிய திராட்சை இங்கேதான் விளைகிறது. ஆனாலும் நான்கு அறைகளின் ஒரு மாத வாடகைக்கு அது ஈடாகவில்லை என்றார். தம்பி மேல் கோபமா என்று கேட்டேன். "அவன் மகளின் படிப்புக்கு விற்றான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சம்பந்தியின் புட்டி: தாராளமாகக் கொண்டுவரலாம். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லை. கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துண்டில் சுற்றி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். வின்சாந்தோவே வாங்குங்கள். பெரும்பாலும் அரை லிட்டர் புட்டியில் வரும், பல ஆண்டுகள் கெடாது. லேகிய வாசனை பற்றி மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். திறந்ததும் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.