காய்ச்சல் 'கிக் ஆஃப்' ஆகுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வீட்டில் தமிழ், வார்டில் மலையாளம். இப்போது இங்கிலாந்து வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார். அவர் கேட்டிருப்பது:

"டீச்சர், 'தொடங்கு' என்று அர்த்தம் தரும் முப்பது ஃப்ரேசல் வெர்ப் ('கிக் ஆஃப்' மாதிரி, வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்தது) உள்ள ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தேன். நோயாளியைப் பற்றித் தேர்வில் எழுத வேண்டிய கடிதத்துக்கான பயிற்சியில் 'தி ஃபீவர் கிக்டு ஆஃப் ஆன் மண்டே' என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதானே? பேசாமல் 'ஸ்டார்ட்', 'பிகின்' இரண்டோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?"

கடிதம் எழுதும்போது தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம். 'தி ஃபீவர் பிகேன் ஆன் மண்டே' என்பதில் ஒரு குறையும் இல்லை. கேட்கும்போதுதான் அது போதாது. லிசனிங் தேர்வின் முதல் பகுதியில் இரண்டு நோயாளிகள் தனித்தனியாக மருத்துவரிடமோ நர்ஸிடமோ பேசுவதைக் கேட்டு 24 இடங்களை நிரப்ப வேண்டும். வலி எப்போது தொடங்கியது என்பதை அவர்கள் 'பிகின்' போட்டுத்தான் சொல்வார்கள் என்று நம்ப முடியாது. 'இட் கேம் ஆன் ஆஃப்டர் லன்ச்' என்பார்கள். அதனால் இந்த வினைகள் முதலில் காதுக்கு வேண்டும், அப்புறம் வாய்க்கு, கடைசியாகத்தான் பேனாவுக்கு.

அர்த்தம் ஒன்றுதான் என்று சொன்ன பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். நம் தமிழையே பாருங்கள். போர் மூளும், மழை பிடிக்கும், உடம்பில் தடிப்பு கிளம்பும், பேச்சை எடுப்போம், வியாபாரத்தில் இறங்குவோம். எல்லாமே தொடக்கம்தான். ஆனால் 'காய்ச்சல் மூண்டது' என்று யாராவது சொன்னால் உங்கள் காதுக்கே ஒட்டாது. இதை யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. எது தொடங்குகிறதோ அதற்கேற்ற வினை தானாக வந்து சேர்கிறது. ஆங்கிலத்திலும் இப்படித்தான். ஒரு வினையைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எது தொடங்குகிறது? அதை யாராவது மனது வைத்துத் தொடங்கினார்களா, தானாக வந்ததா?

'கிக் ஆஃப்' செவன்ஸ் கால்பந்து மைதானத்தில் நீங்கள் பார்த்ததுதான். நடுவர் விசில் ஊத, ஒருவர் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார். அதனால் அது நேரம் குறித்துத் தொடங்கும் காரியங்களோடு சேரும்: ஆட்டம், மீட்டிங், திருவிழா. காய்ச்சலுக்கு யாரும் நேரம் குறிக்கவில்லை. சாதாரணப் பேச்சு வழக்கு என்பதால் கடிதத்தின் நடைக்கும் பொருந்தவில்லை. சிவப்பு மை சரிதான்.

தானாக வருபவற்றுக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் 'தி மான்சூன் ஹேஸ் செட் இன்' என்பார்கள். வந்தது, இனி சில காலம் இருக்கும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்ற மூன்றும் 'செட் இன்'னில் இருக்கின்றன. அதனால்தான் இன்ஃபெக்‌ஷன் செட் இன் ஆகும், மூட்டு இறுக்கம் செட் இன் ஆகும், பயமும் செட் இன் ஆகும். இந்த அர்த்தத்தில் ஆளை எழுவாயாகப் போடக் கூடாது. இறந்த காலத்திலும் அது 'செட்'தான், 'செட்டட்' கிடையாது.

வலிக்கும் மயக்கத்துக்கும் 'கம் ஆன்'. 'வென் டிட் தி பெயின் கம் ஆன்?' என்பது நீங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கப்போகும் கேள்வி. காய்ச்சல், சளிக்கு ஆள் எழுவாயாக வருவார்: 'ஷீ கேம் டவுன் வித் எ ஃபீவர்'. தடிப்பு கிளம்பினாலும் அப்படியே: 'ஹீ ப்ரோக் அவுட் இன் எ ராஷ்'. பழைய நோய் மறுபடி தலைதூக்கினால் 'ஃப்ளேர் அப்'.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சித்தூரில் என் வகுப்பில் ரோல் ப்ளே நடந்தது. ஒரு பெண் வீசிங் நோயாளியாக உட்கார்ந்திருந்தார். நர்ஸாக நடித்த நான் 'வாட் பிரிங்ஸ் இட் ஆன்?' என்று கேட்டேன். 'மை ஹஸ்பண்ட், இன் அன் ஆட்டோ' என்று உடனே பதில் வந்தது. நல்ல ஆங்கிலம் தெரிந்த பெண். 'பிரிங்' காதில் விழுந்தது, 'ஆன்' விழவில்லை. நான் கேட்டது, எதனால் இழுப்பு வருகிறது என்று. தூசி, குளிர்காற்று என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். 'டஸ்ட் செட்ஸ் இட் ஆஃப்' என்றாலும் அதேதான், தூண்டிவிடுகிறது என்று பொருள். ஆகவே வினையை மட்டும் பிடிக்காதீர்கள், அதன் வாலையும் சேர்த்துப் பிடியுங்கள்.

மருந்து விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் வேறு வழியில் போகின்றன. நாம் 'இன்சுலின் ஆரம்பிச்சோம்' என்போம். 'இன்சுலின் வாஸ் ஸ்டார்ட்டட்' என்று ஆங்கிலத்திலும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அங்கே நோயாளியையே முன்னால் நிறுத்துவது மிகவும் பழக்கம்: 'ஷீ வாஸ் ஸ்டார்ட்டட் ஆன் இன்சுலின்'. இதையே இன்னும் முறையாக எழுத 'ஷீ வாஸ் கமென்ஸ்டு ஆன் இன்சுலின்'. பிரிட்டிஷ் மருத்துவக் குறிப்புகளில் இது சாதாரணம், உங்கள் கடிதத்தில் தயங்காமல் எழுதலாம். அப்புறம், மாத்திரை கேட்க ஆரம்பித்தால் அது 'கிக் இன்'. 'தி பெயின்கில்லர் ஹேஸ் கிக்டு இன்' என்று நோயாளியிடம் பேசலாம், கடிதத்தில் வேண்டாம்.

'கமென்ஸ்' ஏன் மிடுக்காக ஒலிக்கிறது தெரியுமா? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. அந்த வழியாக வந்த சொல் அது. 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும் மண்ணின் சொற்கள். நமக்கு இது தலைகீழ். வடமொழியிலிருந்து வந்த 'ஆரம்பி' நம் வாயில் புழங்குகிறது, 'தொடங்கு' எழுத்தில் நிற்கிறது. உங்கள் வார்டு மலையாளத்திலோ 'துடங்ஙி' என்பதுதான் பேச்சு. ஒரு சொல் எளிதா மிடுக்கா என்பது மொழிக்கு மொழி மாறும் என்பது எல்லையில் வாழும் நமக்குப் புதிதில்லை.

பயணத்துக்கு வருவோம். 'ஐ ஸ்டார்ட்டட் ஃப்ரம் மை ஹவுஸ் அட் ஃபைவ்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். 'கிளம்பினேன்' என்பதை அப்படி மாற்றிவிடுகிறோம். பிரிட்டிஷ்காரருக்குப் புரியும், ஆனால் அவர் 'ஐ லெஃப்ட்' அல்லது 'ஐ செட் ஆஃப்' என்பார். ஆம், தூசி இழுப்பைக் கிளப்பிய அதே 'செட் ஆஃப்'தான். தமிழில் 'கிளம்பு'ம் 'கிளப்பு'ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பழக்கமோ பதவியோ என்றால் 'டேக் அப்': 'ஹீ டுக் அப் ஸ்மோக்கிங் அட் ட்வென்ட்டி'. ஒரு வேலையில் இறங்கினால் 'செட் அபௌட்', அதன் பின்னால் 'இங்' வரும்: 'ஷீ செட் அபௌட் க்ளீனிங் தி வூண்ட்'. புது ஆளிடம் பேச்சுக் கொடுத்தால் 'ஸ்ட்ரைக் அப்'. 'எம்பார்க் ஆன்' உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

'கிக் ஆஃப்' மேல் கோபப்பட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கிலாந்து வார்டில் சக நர்ஸ் 'பெட் ஃபோர் இஸ் கிக்கிங் ஆஃப்' என்று சொன்னால், நான்காம் படுக்கை நோயாளி சத்தம்போட்டுத் தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். உடனே போக வேண்டியிருக்கும்.

நாளை டியூட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனுக்கு வருபவர் தமிழிலோ மலையாளத்திலோ தொடக்கத்தை எப்படிச் சொல்கிறார் என்று அவர் பெயரில்லாமல் அப்படியே குறியுங்கள். 'சாப்பிட்டதும் நெஞ்சு பிடிச்சுக்கிச்சு', 'ஊசி போட்டதும் தடிப்பு கிளம்பிருச்சு'. ராத்திரி வீட்டில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு ஆங்கில வாக்கியம் எழுதுங்கள்: நோயாளி வாயில் வருவது ஒன்று, உங்கள் கடிதத்தில் வருவது ஒன்று. முதல் வாக்கியத்தை நான் தருகிறேன். 'தி பெயின் கேம் ஆன் ரைட் ஆஃப்டர் ஐ ஏட்.' கடிதத்துக்கு உரியதை நீங்கள் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.